மணி காட்டாத பட்டை

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கோழி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகை அட்டையில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இருட்டியதும் அடைந்து, விடிவதற்குள் எழுந்துவிடுகிறவள் என்று உடன் வேலை செய்த பெண்கள் கேலிக்கு வைத்தது. அவள் கோபித்துக்கொண்டாள், சண்டை போட்டாள், ஒருத்தியோடு ஒரு வருடம் பேசாமல்கூட இருந்தாள். பொருந்திப்போன பெயரை யாரால் பிடுங்க முடியும்?

வீட்டில் அவள் நடத்தியது ராணுவ ஆட்சி. ஒன்பது அடித்தால் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவாள். மின்விசிறி மட்டும் ஓடும்; அதற்குத் தனிக் கம்பி இழுத்துக் கொடுத்தது லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன். டிவி, விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் செத்துவிடும். ஜன்னல்களில் கறுப்புத் திரை. வீட்டுக்கு வந்தவர்களை எட்டரைக்கே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுவாள். சொந்தக்காரர்கள் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். தொல்லை விட்டது என்றாள்.

இத்தனைக்கும் காரணம் அவளுடைய அம்மா. இவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்த அம்மா, நோயில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணையாக ஒரு வாரம் இரவெல்லாம் விழித்திருந்தாள். நோயாளி எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் அம்மாவுக்குத் தூக்கம் திரும்பவில்லை. முதலில் வீடு பளபளவென்று ஆனது. பிறகு வீட்டிலிருந்த துணி அத்தனையையும், அழுக்கு எது துவைத்தது எது என்று பார்க்காமல், துவைத்துப் போட்டாள். பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே மெச்சியது. ஐந்தாம் நாள் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெச்சிய அதே வாய்கள் பைத்தியம் என்றன, வளையலையும் வைத்துக்கொண்டன. அதற்கப்புறம் ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். இப்படி நாலு முறை. நாலாம் முறை மனநல ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை.

நாலு முறையும் முதலில் தூக்கம் போனது, அதற்குப் பிறகுதான் புத்தி போனது. இதை எந்த டாக்டரும் சொல்லித்தராமல் அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் கணவனிடம் ஒளிக்காமல் சொல்லியும் விட்டாள். அவன் சிரித்தான். "படுத்துத் தூங்கினா வராதுன்னா, அது ரொம்ப நல்ல நோயாச்சே!" என்றான். அந்தச் சிரிப்புக்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள். பிற்பாடு அதே சிரிப்பைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சலவைக்கூடத்தில் மூன்று ஷிஃப்ட். வாரத்துக்கு ஒரு முறை மாறும். அவள் மட்டும் பன்னிரண்டு வருடமாகக் காலை ஷிஃப்டிலேயே இருந்தாள். அவளுடைய மற்ற வாரங்களை வேறொருத்தி பார்ப்பாள். பதிலுக்கு அவளுக்கு வேண்டிய நாளில் இவள் தன் விடுமுறையை விட்டுக்கொடுப்பாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை, ஒரு சாவுக்குப் போனதில்லை. இதெல்லாம் எழுத்தில் இல்லை. அங்கே எழுத்தில் இல்லாமல் நடந்தவைதான் அதிகம். ஒருத்தி தாமதமாக வந்தால் அவள் அட்டையை இன்னொருத்தி மெஷினில் தட்டிவிடுவாள். யாருடைய அட்டை யாருடைய கையில் என்று யாரும் பார்த்ததில்லை. சூடான உருளைக்குள் படுக்கை விரிப்பை விடும்போது இரண்டு பேர் இரண்டு முனையையும் ஒரே சமமாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோணிக்கொண்டு போய்ச் சுருங்கிவிடும். அந்த ஒன்றில்தான் அவர்கள் நேர்மையாக இருந்தார்கள்.

புதிதாக வந்த சூப்பர்வைசர் முதல் வேலையாக அந்த மாற்று ஏற்பாட்டில் கை வைத்தான். அவள் போய் நின்றாள். அம்மாவின் கதையை, வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை, அவனிடம் சொன்னாள். அவன் காதைக் குடைந்துகொண்டே கேட்டான்.

"எல்லார் வீட்லயும் ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்மா. அதுக்காக உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"சார், எனக்கு நைட் ஒத்துக்காது சார். வேற எவ்வளவு வேலை வேணாலும் குடுங்க."

"பைத்தியம்னா பைத்தியம்னு எழுதிக் குடுங்க. நைட் என்ன, நாளையிலேருந்து பகல்லகூட வர வேணாம். வீட்லயே நிம்மதியா தூங்கலாம்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுடைய விடுமுறைகளில் ஊர் சுற்றி வந்தவர்களும் சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்த வாரத்திலிருந்து இரவு என்று பலகையில் எழுதிவிட்டார்கள்.

இந்த வம்பெல்லாம் வெடித்த அதே வாரத்தில்தான் அவள் கையில் அந்தப் பட்டை ஏறியது. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் ஒரு டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்; சின்ன வயசு, பெரிய கண்ணாடி. குடும்பத்தில் யாருக்காவது மனம் ஒரேயடியாகப் பொங்கி, பிறகு ஒரேயடியாகச் சோர்ந்துபோகும் நோய் இருந்திருந்தால் வாருங்கள் என்று கேண்டீனில் வந்து சொல்லிவிட்டுப் போனாள். இவள் யாருக்கும் தெரியாமல் போனாள்.

"உடம்புக்குள்ளயே ஒரு கடிகாரம் ஓடுதும்மா," என்றாள் டாக்டர். "எப்பத் தூங்கணும், எப்ப எழுந்திருக்கணும், எப்பப் பசிக்கணும்னு அதுதான் சொல்லும். அதை ஓட்டறதுக்குன்னு சில மரபணுக்கள் இருக்கு. சில குடும்பங்கள்ல அதுல சின்னச் சின்ன மாறுதல் இருக்கும். அதுக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம்னுதான் தேடறோம்."

"அப்ப எனக்கும் வருமா?"

"அப்படிச் சொல்லவே முடியாது. ஒரு மரபணுவைப் பார்த்துட்டு வரும், வராதுன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. அபாயம் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். ஆனா தூக்கம் கெட்டா சிலருக்கு நோய் கிளம்பிடும். அது நிஜம்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோழி, கிறுக்கு, கொடுமைக்காரி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, படித்த ஒருத்தி முதல்முறையாக அவள் பக்கம் நின்று பேசினாள். இரத்தம் கொடுத்தாள். கையில் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். கடிகாரம் மாதிரி இருந்தது, ஆனால் மணி காட்டாது. கை அசைவதை வைத்து எப்போது தூங்கினாள், எப்போது விழித்தாள் என்று அதுவே பதிந்துகொள்ளும். இரண்டு வாரம், குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது.

முதல் வாரம் அழகாகத் தூங்கினாள். இரண்டாம் வாரம் இரவு ஷிஃப்ட். அப்போதுதான் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பட்டை தன் தூக்கம் கெட்டதைப் பதியும். டாக்டர் அதைக் கோப்பில் எழுதுவாள். கோப்பு இதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். ரகசியம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்தான். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்னால் கேண்டீனுக்குத் தெரிந்துவிடும். சூப்பர்வைசர் கேட்ட எழுத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்ததாக ஆகிவிடாதா? பன்னிரண்டு வருடம் அட்டையை மாற்றி மாற்றித் தட்டிய மூளை, அதற்குத் தெரிந்த வழியில்தான் யோசித்தது.

பட்டையைக் கழற்றி மகளிடம் நீட்டினாள். மகளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் படிக்கிறவள்.

"ஏழு நாள் இதைக் கட்டிக்கோ."

"எதுக்கு? உன் தூக்கத்தையும் நான்தான் தூங்கணுமா?"

"அட்டை தட்டற மாதிரிதான்டி. நீ வழக்கம்போல ஒன்பது மணிக்குப் படு, போதும்."

"வழக்கமாம்! உங்கம்மாவுக்குப் பைத்தியம் பிடிச்சா அதுக்கு நான் எதுக்குத் தினமும் இருட்டுல கெடக்கணும்? என் கூடப் படிக்கறவ எவளாவது ஒன்பது மணிக்குப் படுக்கறாளா?"

"வாயைக் கிழிச்சிடுவேன்!"

"கிழி. அவங்களைவிட உனக்குத்தான் முத்தியிருக்கு."

கை ஓங்கிவிட்டாள். கணவன் குறுக்கே வந்து, "கோழிச் சண்டை ஆரம்பிச்சாச்சா?" என்று அந்தச் சிரிப்பைச் சிரித்தான். இரண்டு பேரும் சேர்ந்து அவனை முறைத்தார்கள். அந்த வீட்டில் தாயும் மகளும் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

கடைசியில் மகள் பேரம் பேசினாள். பட்டையைக் கட்டிக்கொள்வாள், ஆனால் அந்த ஏழு நாளும் மெயின் சுவிட்ச் பக்கம் யாரும் போகக் கூடாது. இவள் சம்மதித்தாள். பத்தொன்பது வருடம் காத்த காவலை ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்தாள். விளக்கு எரிந்தால்தான் என்ன, வயசுப் பிள்ளை, களைத்தால் தானாகப் படுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணவனோ படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாதவன்.

அந்த வாரம் அவளுக்கு நரகம். காலையில் வந்து காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கறுப்புத் திரைக்குள் படுப்பாள். பைத்தியம் வந்துவிட்டதா என்று நாழிகைக்கு ஒரு தடவை தன்னைத்தானே சோதித்துக்கொள்வாள். இன்று கிழமை என்ன, நேற்று என்ன சமைத்தோம், பேச்சு வேகமாக வருகிறதா? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தலை மட்டும் மணல் மூட்டையாகக் கனத்தது.

ஒரே ஆறுதல் மகள்தான். இரண்டாம் நாள் காலையில் வந்து பார்த்தால் சமையலறை அலமாரி முழுவதும் ஒழுங்காக அடுக்கியிருந்தது. நாலாம் நாள் சூடாகக் காபியோடு வாசலிலேயே நின்றாள். "அம்மா, நீ பாவம்மா" என்று கட்டிக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு கட்டிக்கொண்டதே கிடையாது. ஆறாம் நாள் மூன்று மொழி கற்றுக்கொள்ளப் போவதாகவும், கடை வைக்கப் போவதாகவும், கடைக்குப் பேர்கூட வைத்துவிட்டதாகவும் மூச்சு விடாமல் சொன்னாள். "சரி சரி, தள்ளு, நான் காதுல பஞ்சு வைக்கணும்" என்றாள் இவள். திட்டித் திட்டி வளர்த்தது வீண்போகவில்லை, பெண் ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று பெற்ற வயிறு குளிர்ந்தது.

கடைசி நாள் காலையில் வந்தபோது ஜன்னல்களில் கறுப்புத் திரை இல்லை. மகள் எல்லாவற்றையும் அவிழ்த்துத் தொட்டியில் போட்டு, முழங்கை வரை நுரையோடு பாடிக்கொண்டே துவைத்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் துணி துவைக்கும் இடத்திலேயே வேலை செய்கிறவளுக்குத் துவைப்பது ஒரு விஷயமாகவே படவில்லை. அன்று பகலில் படுக்கப் போவதும் இல்லை, பதினோரு மணிக்கு டாக்டரிடம் போக வேண்டும். ஈரக் கையிலிருந்து பட்டையைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். "நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

டாக்டர் பட்டையைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். திரையில் கறுப்புக் கறுப்பாகக் கட்டங்கள் வந்தன. பார்த்துக்கொண்டே இருந்தவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அம்மா, நீங்க இந்த வாரம் நைட் பார்த்தீங்களா?"

"ஆமாங்க," என்றாள். எல்லோரும் பார்க்கப் பலகையில் எழுதியிருப்பதை மறைத்து என்ன பயன்?

"முதல் வாரம் ரொம்ப ஒழுங்கு. ரெண்டாம் வாரம் ஆரம்பத்துல நாலு மணி நேரம். அப்புறம் ரெண்டு. கடைசி மூணு நாள் பகல், ராத்திரி எதுலயுமே தூக்கம்னு ஒண்ணும் இல்ல. கை ஓயவே இல்ல. உங்களுக்குக் களைப்பே தெரியலையா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே பேசினாள்.

"இனிமே உங்களுக்கு நைட் ஷிஃப்டே கிடையாது. பெரிய டாக்டர் கையெழுத்தோட போகும், எந்தச் சூப்பர்வைசரும் மறுத்துப் பேச முடியாது. நோயைப் பத்தி ஒரு வார்த்தை எழுத மாட்டேன், பயப்படாதீங்க."

கடிதம் அவள் கைக்கு வந்தது. நிரந்தரமாகக் காலை ஷிஃப்ட். சூப்பர்வைசரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதை அவள் அங்கேயே பார்த்துவிட்டாள். அவன் மேஜையில் இதை எப்படிப் போட வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்றுகூடத் தீர்மானித்துவிட்டாள். சிரிப்பு வந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும்.

"ஆனா இது சாதாரணமா விடற விஷயம் இல்லம்மா," என்றாள் டாக்டர். "ஏழு நாள்ல இப்படிச் சரிஞ்சிருக்கு. கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த வாரம் வழக்கத்தைவிட அதிகமா பேசினீங்களா? பெரிய பெரிய திட்டம் போட்டீங்களா? வேலை வேலைன்னு இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்யத் தோணுச்சா?"

அவள் கடிதத்தைப் பார்த்தாள். திரையில் இருந்த கட்டங்களைப் பார்த்தாள். பிறகு பட்டை கட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள். மகளின் கை ஈரம் அங்கே இன்னும் காயாமல் இருந்தது.

கடிதத்தை மேஜைமேல் திருப்பி வைத்தாள். அது கோணலாக விழுந்தது.

"இது நான் இல்லீங்க."

"என்ன சொல்றீங்க?"

"நான் ஏமாத்திட்டேன். பட்டையை என் பொண்ணு கையில கட்டிவிட்டுட்டேன். இந்த ஏழு நாளும் அவதான்."

டாக்டர் எழுந்துவிட்டாள். "எத்தனை வயசு? இப்ப எங்க இருக்கா? தனியாவா?"

"பத்தொன்பது. வீட்ல தனியாத்தான் இருக்கா," என்றாள். "திரையெல்லாம் அவுத்துப் போட்டுத் துவைச்சுக்கிட்டிருக்கா. நல்ல பொண்ணுன்னு சொல்லிட்டு வந்தேன்."