முஞ்சாஜியின் தோள்

என் தம்பி முஞ்சாஜிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு காலைக் குத்திட்டு வைத்துக்கொண்டு, எந்த நேரமும் எழுந்து போய்விடுவதுபோல்தான் உட்காருவான். எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அப்பா போனபோது நான் ஏழாவது முடித்திருந்தேன். அதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தேன். கல்யாணமும் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி. ஆகவே அவன் வாழ்க்கையில் நான் பார்க்காத வருடங்கள் இரண்டுதான். அவை அவன் பூனாவில் இருந்த வருடங்கள்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதில் பக்கத்து ஊரான கங்காகேட் திருவிழாவில் கூடாரம் போட்டுப் படம் காட்டினார்கள். மறுநாள் காலை என் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அக்கா, படத்துல வர்ற ஊரு எங்க இருக்கு?"

கோல்ஹாப்பூர் பக்கம் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. அங்கே சுற்றிலும் கரும்பு, வெள்ளை மாடுகள், பெரிய தலைப்பாகை. எங்களுக்குக் கரிசல் மண், சோளத்தட்டை, சிவப்பு மாடுகள், தலையில் ஒரு துண்டு. நம்ம ஊர் எந்தப் படத்தில் வரும் என்று கேட்டான்.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி, பத்தொன்பதாவது வயதில் பூனாவுக்குப் போய் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல்காரனாக நின்றான். ஓய்வு நாள்களில் படம். அங்கேதான் ஒரு நாள் எங்கள் பக்கத்து ஆளாக ஒருவன் திரையில் வந்தான். படத்தில் அவனும் காவல்காரன். அவன் வாயைத் திறந்து எங்கள் பேச்சைப் பேசியதுமே அரங்கமே சிரித்ததாம். முஞ்சாஜி காவல்காரச் சட்டையோடு அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தான். அடுத்த மாதம் ஊருக்குத் திரும்பிவிட்டான். வந்ததும் செய்த முதல் வேலை இரண்டு சிவப்புக் கன்றுகளை வாங்கியதுதான். ஹரண்யா, சாந்த்யா என்று பெயர் வைத்தான். சாந்த்யாவின் நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளைப் பொட்டு உண்டு.

அந்தக் கன்றுகள் ஆறு பல் போட்டு, நிலத்தில் நன்றாக உழ ஆரம்பித்த பிறகுதான் மோஹிதே வந்தார். கரும்பு விளையும் சாங்லி பக்கத்துக்காரர், ஏற்கெனவே ஒரு படம் எடுத்திருந்தார். மானாவாரி விவசாயியைப் பற்றி அந்த மண்ணின் ஆட்களை வைத்தே எடுக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர், ரோட்டோரம் முஞ்சாஜி ஏர் ஓட்டுவதைப் பார்த்து ஜீப்பை நிறுத்தினார். இவனுக்குக் கதாநாயகனின் அண்ணன் வேடம். ஐந்து காட்சிகள், ஐந்திலும் பேச்சு உண்டு. முஞ்சாஜி தன் பேச்சை எந்தப் பக்கத்துப் பேச்சாக மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அவர், "வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க" என்றாராம்.

இதைச் சொல்ல என் வீட்டுக்கு வந்தவன் உள்ளே நுழைந்து, வெளியே போய், மறுபடி நுழைந்துதான் சொன்னான்.

உடைக்காரர்கள் பெரிய தலைப்பாகையைத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக்கூட இதைக் கட்டமாட்டார்கள் என்று நான் சொன்னேன். மரியாதையாக எடுத்து வைத்துவிட்டார்கள். படத்தில் அவன் போட்டிருக்கும் சட்டை நான் தைத்தது. தோளில் இரட்டைத் தையல் போட்டேன்.

பன்னிரண்டு நாளில் நான்கு காட்சிகள் முடிந்தன. மிச்சமிருந்தது ஒன்று. பூனாவுக்குக் கிளம்பும் தம்பியிடம் அண்ணன் ஏர் ஓட்டியபடி பேசும் காட்சி. படமே அதில்தான் நிற்கிறது என்றார்கள். மழை வந்து அது இரண்டு நாள் தள்ளிப்போனது. எந்த நாளில் போய் விழுந்தது என்பதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

அது சிராவண அமாவாசை. எங்களுக்குப் போளா, மாடுகளின் பண்டிகை.

முதல் நாள் சாயங்காலம் முஞ்சாஜி மாடுகளைக் குளிப்பாட்டி, நுகம் உரசும் தோளில் மஞ்சளும் நெய்யும் தேய்த்து, வழக்கப்படி காதில் சொன்னான்: "இன்னிக்கு அழைப்பு, நாளைக்குச் சாப்பிட வாங்க." அழைப்புச் சொன்ன மாட்டைப் பண்டிகை முடியும்வரை யாரும் பூட்டமாட்டார்கள். கை மஞ்சளை அவன் கழுவுவதற்குள் படக்குழுவின் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து, நாளைக் காலை ஏழு மணிக்கு ஏர்க் காட்சி என்று சொல்லிவிட்டுப் போனான்.

நானும் முஞ்சாஜியும் படக்குழு தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மோஹிதே கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே குழம்பிப்போனார்.

"மாட்டுப் பண்டிகை போன மாசமே முடிஞ்சிருச்சே, முஞ்சாஜிராவ்? எங்க வீட்டுல பூசை பண்ணிட்டுத்தானே நான் கிளம்பி வந்தேன்."

அவர்கள் பக்கம் அதை முந்தின மாதமான ஆஷாடத்திலேயே கொண்டாடிவிடுவார்கள். பெயரும் வேறு, பேந்தூர். மராட்டிக் கிராமம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

"உங்க மாடு சாப்பிட்டாச்சு சாகேப்," என்றான் முஞ்சாஜி. "எங்க மாடு இன்னும் சாப்பிடல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மோஹிதே சிரிக்கவில்லை. கதாநாயகனாக நடிக்கும் பையன் நாளைச் சாயங்காலம் கிளம்புகிறான், அதன்பின் இரண்டு மாதம் கிடைக்கமாட்டான் என்றார். நாளை நடக்காவிட்டால் அண்ணன் காட்சிகள் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, பிறகு சாங்லி பக்கத்திலேயே வேறு நடிகரை வைத்து எடுக்கவேண்டியிருக்கும் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். வேறு மாடு பிடிக்கலாமா என்று மேனேஜர் கேட்டார். வாசலில் நின்ற ஊர்ப் பெரியவர் லிம்பாஜி காகா, இந்தத் தாலுக்கா முழுக்க எந்த மாட்டுக் காதில் போய்க் கேட்டாலும் அது அழைப்பு வாங்கிவிட்டதாகத்தான் சொல்லும் என்றார்.

காலையில் நான் போனபோது முஞ்சாஜியின் மனைவி அயோத்யா போளிக்குக் கடலைப்பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள். இவன் கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். நான் பார்த்தே மூன்று முறை. மூன்றாவது முறை சுவரில் மாட்டியிருந்த நுகத்தடியைக் கையில் எடுத்துவிட்டான்.

"அக்கா, பத்து நிமிஷ வேலைதான். ஓட்டிட்டு வந்து அதுங்க கால்ல விழுந்துடறேன்."

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாலு காட்சியும் வீணாகிவிடுமே என்ற பதைப்பில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "பூட்டுடா. நான் பார்த்துக்கறேன், யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க" என்றேன். அயோத்யா கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

முஞ்சாஜி சாந்த்யாவின் பக்கம் போனான். அது மஞ்சள் பூசிய கழுத்தை, தினமும் செய்வதுபோல, தானாகவே தாழ்த்திக் கொடுத்தது. அந்தக் கழுத்தை ஒருமுறை தடவிக் கொடுத்தான். பிறகு நுகத்தடியைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினான். மூலையில் கிடந்த களையெடுக்கும் சின்னக் கலப்பையையும் ஒரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

குளிர்காலச் சோளத்துக்காகத் தரிசாக விட்டிருந்த இரண்டு ஏக்கரில் கேமராவை வைத்திருந்தார்கள். முஞ்சாஜி மோஹிதேயிடம் நேராகப் போனான்.

"கலப்பை ஓடணும், அவ்வளவுதானே சாகேப்? நான் இழுக்கறேன். தம்பி பின்னால பிடிச்சுக்கட்டும். இதுவரைக்கும் எடுத்ததுல மாடு வரலையே, மாடு வாங்க வழியில்லாத வீடுன்னு வெச்சுக்குங்க. எங்க பக்கம் அப்படியும் நாலு வீடு இருக்கு."

மோஹிதே கேமராவைப் பத்தடி தள்ளி வைக்கச் சொன்னார்.

ஏழு முறை எடுத்தார்கள். எண்ணிக்கொண்டே நின்றேன். கயிறு தோளில் குறுக்காக, முஞ்சாஜி குனிந்து இழுக்க, தம்பியாக நடிக்கும் பையன் பின்னால் பிடித்தான். அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. கலப்பையை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். நாலாவது முறை முஞ்சாஜி நின்று திரும்பி, "தம்பி, கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க. மாடுன்னா உதைச்சிருக்கும்" என்றான். அந்தப் பையனே சிரித்துவிட்டான். முஞ்சாஜி பேச வேண்டியதையெல்லாம் இழுத்தபடி, மூச்சு அறுந்து அறுந்துதான் பேசினான். வீட்டில் மனப்பாடம் செய்து ஒப்பித்ததைவிட அது நன்றாக இருந்தது. ஐந்தாவது முறையில் என் இரட்டைத் தையல் பிரிந்தது. ஏழாவதில் சட்டையில் ரத்தம்.

மத்தியானம் கொம்புக்கு வர்ணம் பூசி, முதுகில் ஜரிகைத் துணி போர்த்தி, மாருதி கோயில்வரை மாடுகளை நடத்திக்கொண்டு போனான். ஹரண்யாவும் சாந்த்யாவும் போளி தின்றன. சாயங்காலம் என் வீட்டில் அவன் சட்டையைக் கழற்ற வைத்து, மாடுகளுக்குப் பூசி மிஞ்சிய மஞ்சளையும் நெய்யையும் தோளில் தேய்த்தேன். நான் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் அவனே பேசினான்.

"நெய் தடவிட்டே. இனி யாரும் என்னைப் பூட்ட முடியாது பாரு."

அடுத்த வருடம் படம் பக்கத்து டவுனான பர்பணிக்கு வந்தது. முஞ்சாஜி நடைபாதை ஓரத்து நாற்காலியாகக் கேட்டு வாங்கினான். அந்தக் காட்சி தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விட்டான். நான் முழுதும் பார்த்தேன். எங்கள் பேச்சு, எங்கள் மண், அரங்கம் நிறைய ஆட்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றவனிடம் போய்ச் சொன்னேன். "யாருமேவா?" என்று இரண்டு முறை கேட்டான்.

அதோடு முடிந்திருந்தால் நிம்மதி. பேப்பரில் அவன் படம் வந்தது, மாடில்லாத விவசாயி என்று. போன மாதம் பூனாவிலிருந்து நான்கு பேர் காரில் வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து அவனுக்கு ஒரு ஜோடி மாடு வாங்கித் தரப்போகிறார்களாம். வெள்ளை மாடு. முஞ்சாஜி அவர்களுக்கு டீ கொடுத்து, கொட்டகைக்குக் கூட்டிப்போய் இரண்டையும் காட்டினான். இவை யாருடையவை என்று கேட்டார்கள். என்னுடையவை என்றான்.

"அப்ப படத்துல?"

"அன்னிக்கு அதுங்களுக்கு லீவு."

அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஏமாற்றப்பட்டவர்கள்போலக் காரில் ஏறினார்கள். கார் போன பிறகு அவன் என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"முன்னாடி நம்மளைப் பார்த்துச் சிரிச்சாங்க. இப்ப அழறாங்க. எப்ப அக்கா சும்மா பார்ப்பாங்க?"

மோஹிதே இன்னொரு படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். முஞ்சாஜி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறான். இந்த முறை ஹரண்யாவும் சாந்த்யாவும் அவனோடு வரவேண்டும், அதுவும் சிவப்பு மாடுகளாகவே. யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். இன்றோடு பதினோரு நாள். போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்துவிடுகிறான். அடிக்காதபோதும் எழுந்துவிடுகிறான். புதுச் சட்டைக்குத் துணி வெட்டி வைத்திருக்கிறேன். தோளில் இந்த முறை மூன்று தையல்.