மிளகுக்காரரின் குதிகால்

அந்த ஒற்றை மூங்கில் ஏணியின் கணுக்களில் ரத்தக் கறை இருந்தது. மலைமேல் பைல் நாடு என்ற ஊர்ப்பக்கம் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய அந்த ஏணியிலிருந்து மிளகோடு இறங்கியவரின் குதிகால்களைப் பார்த்துவிட்டு நான்தான் கத்தினேன். பித்தவெடிப்பு, விரல் நுழையும் ஆழத்துக்கு. ஊரே அவரை மிளகுக்காரர் என்றுதான் கூப்பிடும். "செருப்புப் போட்டு ஏற முடியாதுங்களே நர்ஸம்மா, காலுதான் கணுவப் புடிக்கோணும்" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சும்மா இருக்க வராது. மறுநாளே ஒரு பாட்டில் விளக்கெண்ணெயோடு அவர் வீட்டு வாசலில் நின்றேன். கெட்டியான எண்ணெய், தோலின் ஈரத்தை வெளியே விடாது, வெந்நீரில் காலை ஊறவைத்துத் தடவினால் வெடிப்பு இளகி மூடும், தேங்காயெண்ணெயில் கலந்து தேய்த்தால் வறண்ட முடியும் சிக்கில்லாமல் படியும் என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் மூச்சுவிடாமல் சொன்னேன். எப்போது போடுவது என்று கேட்டார். "காலையில ஒருக்கா, ராத்திரி ஒருக்கா" என்றேன். நாள் முழுக்க மாத்திரை கொடுத்துப் பழகிய வாய்.

ஒரு மாதத்தில் வெடிப்பு மூடியது. அவர் மனைவியின் கூந்தல் பளபளத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துத் திண்ணனூர் நாடு வரை போய் அந்த எண்ணெயின் பெருமையைப் பேசினேன். அப்படியொரு காலையில்தான் மிளகுக்காரர் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வளைவு வளைவாகத் திரும்பி இறங்க, அவர் பாதங்கள் அசையாமலிருக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கை வழுக்கியது. அன்று காலை தடவிய எண்ணெய். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலில் என்ன எண்ணெய் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "நர்ஸம்மா குடுத்ததுங்க, ஒருநேரங்கூடத் தப்புனதில்லீங்க" என்று அவர் பெருமையாகச் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

மாற்றலாகி வந்து வருடங்கள் ஆகின்றன. எண்ணெய் மேல் எனக்குக் கோபமில்லை; இன்றும் என் குதிகாலுக்கு அதுதான். ஆனால் யாருக்காவது சொல்ல வாயெடுத்தால், படுக்கும்போது மட்டும், காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள் என்று மூன்று தடவை சொல்கிறேன். என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். தப்பு என்னுடையது என்று அவரிடம் சொல்லாமல் எனக்கு நிம்மதியே இல்லை. போன மாதம் அதற்காகவே மலையேறினேன்.

மிளகுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, கோலால் மிளகைக் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தார். பாதங்கள் மழமழவென்று இருந்தன. ஏணியிலிருந்து இறங்கி வந்தவர் அவர் மனைவி. இப்போது வெடிப்பு அவர் குதிகாலில். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, பையிலிருந்த எண்ணெயை எடுத்து அவர் மனைவியிடம் நீட்டினேன். ராத்திரி மட்டும் போடுங்கள் என்று ஆரம்பித்தேன்.

அவர் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். கணவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "எனக்கு வேண்டாங்க நர்ஸம்மா, நான் மேல ஏறோணும். அவரு எதுல வழுக்குனாருன்னு அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க. அவருகிட்ட மட்டும் சொல்லீராதீங்க. நீங்க குடுத்த எண்ணெயிலதான் காலு நல்லாச்சுன்னு வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் இன்னும் சொல்லிட்டு இருக்காருங்க."