பரமேஸ்வரி போட்ட நேர்க்கோடு

செவ்வாய்க்கிழமை காலை பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பரமேஸ்வரியின் அண்ணன் போன் செய்தார். "பரமேசு நம்மள விட்டுட்டுப் போயிருச்சும்மா" என்றார். முந்தின நாள் மாலைதான் அவளோடு சண்டை போட்டிருந்தேன். வேலையை இன்னும் அனுப்பவில்லை என்று கத்தினேன். "நாளைக்குத் தாறேன்டி. நெஞ்சு எரியுது, கேஸ்ட்ரிக்தான்" என்றாள். நானும் நம்பினேன். மடச்சி நான்.

அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு அவள் போட்ட யூஸ் கேஸ் படங்கள் நினைவிருக்கும். ஒரு மென்பொருளை யார் யார் எதற்காகப் பயன்படுத்துவார்கள் என்று குச்சி மனிதர்களையும் முட்டை வட்டங்களையும் கோடு போட்டு இணைப்போமே, அந்தப் படங்கள். நாங்களெல்லாம் கணினியில் போடுவோம். அவள் காகிதத்தில்தான் தொடங்குவாள். அவளுடைய குச்சி மனிதருக்கு முதுகில் தேயிலைக் கொழுந்துக்கூடை இருக்கும். "இதெல்லாம் எந்த ரூல்லடி இருக்கு?" என்று கேட்டால், "எங்கம்மா கூடை இல்லாம எங்க போயிருக்கு?" என்பாள். வெளியே அனுப்புமுன் நான்தான் கூடைகளை அழிப்பேன். ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்குவேன்.

எல்ல ஊர்ப் பக்கம் அவளுடைய தேயிலைத் தோட்டத்துக்கும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் பொதுவாக ஒரே ஒரு அம்புலன்ஸ். அதைக் கூப்பிட ஒரு செயலி செய்யும் வேலை எங்கள் சின்ன நிறுவனத்துக்கு வந்தது. முதல் படத்தை நான் போட்டேன். நோயாளி வீட்டார் கங்காணியிடம் சொல்வார்கள், கங்காணி பெரிய கிளாக்கரிடம் சொல்வார், அவர் தோட்ட ஆபீஸிலிருந்து வண்டியைக் கூப்பிடுவார்.

"வீட்டுக்காரங்களுக்கும் வண்டிக்கும் கோடே இல்லையேடி?" என்றாள் பரமேஸ்வரி.

"எப்பவும் அப்படித்தானே?"

"நீயும் லயத்துலதானே பொறந்த? அதான். நாம ஒண்ணு கேக்கணும்னா நடுவுல ஒரு ஆளு நிக்கணும்னு உனக்கு ரத்தத்துலயே ஊறிப்போச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மை. ஹல்துமுல்லைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வரிசை வீடொன்றிலிருந்து வந்து, படித்து, பட்டம் வாங்கி, அந்தப் படத்தில் என் அம்மாவைத் திரும்பவும் ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்க வைத்திருந்தேன்.

வீட்டாரிடமிருந்து வண்டிக்கு நேராக அவள் கோடு போட்ட படத்தைக் காட்டிய கூட்டத்தில், தோட்டத் தரப்பிலிருந்து ஒருவர், "ஆளாளுக்குக் கூப்பிட்டா வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்று சிரித்தார். பரமேஸ்வரி சிரிக்கவில்லை. "வலிக்கிறவங்க கேக்கறதுக்கு நடுவுல யாரும் வேணாம் சார்" என்றாள். அந்தக் கோடு நிலைத்தது. ஒரு லயத்திலிருந்து முதல் அழைப்பு நேராக வந்த அன்று ஆபீஸ் முழுக்க வடை வாங்கிக் கொடுத்தாள்.

சாவு வீட்டில் அவளுடைய அம்மா என் கையை விடவே இல்லை. "விடிஞ்சதுமே வேர்த்துக் கொட்டுச்சும்மா. அந்த போன்ல வண்டியக் கூப்பிடுடின்னேன். 'வண்டி ஒண்ணுதாம்மா இருக்கு, யாராச்சும் புள்ளத்தாச்சிக்கு வேணும், நான் பஸ்ல போயிக்கிறேன்'னுச்சு. ரோட்டுக்கு ஏறுற படியிலயே உக்காந்துருச்சும்மா."

ஆபீஸுக்குத் திரும்பியதும் செயலியின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு அழைப்பும் இல்லை. வண்டி சும்மாதான் நின்றிருக்கிறது.

அம்புலன்ஸ் படத்தை அவள் முதலில் போட்ட காகிதம் என் மேசையில் இருக்கிறது. அதில் கூடை இருக்கிறது. இனி எந்தக் கூடையையும் நான் அழிக்க மாட்டேன். கூடைக்காரியிடமிருந்து வண்டிக்கு, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்ட கோடும் இருக்கிறது. எனக்கு அவள் விட்டுப்போனது அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் போட்ட கோடு உனக்கும்தானேடி, பரமேசு? ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?