மாலை போட்ட தீயணைப்பான்

சேரன்மகாதேவி அரிசி ஆலையில் நான் சேர்ந்த வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் மோட்டார் தீப்பிடித்தது. இரண்டடி தள்ளி நெல் மூட்டைகள். முதலாளி அண்ணாச்சி தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்.

"தண்ணி வேண்டாம் அண்ணாச்சி, கரண்டு! மெயினை அணையுங்க!" என்று கத்திவிட்டுத் தீயணைப்பானைத் தூக்கினேன். பயிற்சி எடுத்தவன் அல்லவா? ஆனால் கைப்பிடியைப் பூட்டியிருக்கும் கம்பி வரவில்லை. முந்தின நாள் அதற்கும் பொட்டு வைத்து மாலை கட்டியிருந்தோம். வாழைநார் கம்பியைச் சுற்றி இறுகிக் கிடந்தது. கட்டியவன் நான்தான்.

மெயினை அணைத்த அண்ணாச்சி, "கும்பிட்டது போதும்லே, அறு!" என்றார்.

நாரைப் பல்லால் கடித்து அறுத்தேன். கம்பியை உருவி, தீயின் அடியைப் பார்த்துப் பொடியை அடித்தேன். அடங்கியது. ஒரு மூட்டைகூடக் கருகவில்லை.

இப்போதும் பூஜைக்குத் தீயணைப்பானுக்குப் பொட்டு உண்டு. மாலையை மட்டும் மேலே ஆணியில் மாட்டிவிடுவேன்.