மூடிக்கிடந்த ஓடுதளம்

என் மனைவி நர்ஸ். 1998-இல் இரண்டு வருட ஒப்பந்தத்தில், பசிபிக் கடலில் இருக்கும் குவாடல்கனால் தீவுக்கு ஆஸ்பத்திரி வேலையாகப் போனாள். நான் ஐந்து வயது மகளுடன் தொம்மலூரில் இருந்துகொண்டு சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்குப் போய்வந்தேன்.

முதல் கடிதத்தில் அவள் தான் இறங்கிய விமான நிலையத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். உலகப்போரின்போது ஜப்பானியர்கள் போட ஆரம்பித்த ஓடுதளமாம். வேலை முடியுமுன் அமெரிக்கர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு துண்டு நிலத்துக்காக மாதக்கணக்கில் சண்டை. இப்போது அதே இடத்தில் பயணிகள் விமானம் வந்து போகிறது; வெளியே துருப்பிடித்த பீரங்கி ஒன்றை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். படிக்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது.

அடுத்த கடிதம் அப்படி இல்லை. தோட்டத்தில் கிழங்கு சுட ஒருவர் தீ மூட்டியிருக்கிறார். அடியில் புதைந்திருந்த போர்க்காலத்துக் குண்டு வெடித்துவிட்டது. அவர் காலுக்கு இவள்தான் தினமும் கட்டுப் போட்டாள். தார் ரோட்டை விட்டு இறங்காதே என்று உடனே எழுதினேன்.

இரண்டாயிரமாவது ஆண்டு ஜூனில் அந்தத் தீவில் இரண்டு தரப்பாருக்குள் சண்டை முற்றியது. விமான நிலையத்தை மூடிவிட்டதாகப் பேப்பரில் நாலு வரிச் செய்தி. கடை முடிந்ததும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். லைன் கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. ஆள் அனுப்பிய ஏஜென்சியில், தகவல் வந்தால் சொல்கிறோம் என்றதோடு சரி. எங்கள் ஊர் விமான நிலையம் பக்கத்திலேயே என்பதால் தெருவுக்கு மேலே தாழ்வாக விமானங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மகள் வெளியே ஓடி, அம்மா இதிலா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அவளை அதட்டிவிட்டேன்.

ஐந்தாம் நாள் கடைக்குப் போன் வந்தது.

"கப்பல்ல ஏத்தி ஆஸ்திரேலியா கொண்டாந்து வுட்டுட்டாங்க. பயப்படாதீங்க," என்றாள்.

"உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். "வார்டுல பதினோரு பேரு இருந்தாங்க. அப்படியே வுட்டுட்டு வந்துட்டேன்."

வீட்டுக்கு வந்து பல வாரங்கள் அவள் அதிகம் பேசவில்லை. பேசினால் அந்தப் பதினோரு பேரில் யாராவது ஒருவரைப் பற்றியதாக இருக்கும். நான் காது கொடுத்துக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அவள் திரும்பி வந்தது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

மறுவருடம் அந்தத் தீவு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விமானங்கள் மறுபடி ஓடுகின்றன, நர்ஸ் பற்றாக்குறை, வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"எனக்குப் போவணும்னுதான் இருக்கு. நீங்க இன்னா சொல்றீங்க?"

"பாப்பாவுக்கு ஸ்கூல் இருக்கே," என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வர முடியாது என்று பதில் எழுதிவிட்டு, ஒரு வாரத்தில் பக்கத்து நர்ஸிங் ஹோமில் சேர்ந்துகொண்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பயந்தது நான்தான், பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.