விற்கக் கூடாது என்று வைத்த விலை

நான் என் நண்பனை ஏமாற்றினேன். அன்வரின் பழைய கிரிக்கெட் அட்டைகளை இணையத்தில் விற்றுத் தருகிறேன் என்று வாங்கி, சந்தை விலையைப் போல மூன்று மடங்கு விலை போட்டேன். லாபம் பார்க்க அல்ல... அவை விற்கவே கூடாது என்பதற்காக!

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால். சொன்னால் பாரம் குறையும் என்ற ஆசையெல்லாம் இல்லை. அது போய் நாளாயிற்று.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். பட்டா, சாதிச் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம் என்று கம்ப்யூட்டரில் ஆக வேண்டிய எதுவானாலும் சாலவாக்கத்துக்காரர்கள்கூட பஸ் ஏறி என்னிடம்தான் வருவார்கள். மணியிடம் கொடுத்தால் வேலை முடியும் என்று ஒரு பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தேன்.

அன்வர் கடைத்தெருவில் மளிகைக் கடை நடத்துகிறான். அவன் அத்தா வைத்த கடை. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. அந்தக் காலத்தில் ஒரு பபிள்கம் பாக்கெட்டுக்குள் கிரிக்கெட் வீரர் படம் போட்ட அட்டை வரும். ஐம்பது சேர்ந்தால் ஒரு செட். நாற்பத்தொன்பது எப்படியும் கிடைத்துவிடும். முப்பத்தேழாம் எண் மட்டும் எவன் கைக்கும் சிக்காது. பச்சைத் தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டு விக்கெட் கீப்பர்.

அன்வருக்குச் சிக்கியது. கடைக்காரர் மகன், பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்போது சிக்காதா? நானோ அப்பா நெல் போட்ட நாளில் மட்டும் காசைக் கண்ணால் பார்ப்பவன். தன்னிடம் இரண்டாக இருந்த அட்டைகளையெல்லாம் அன்வர் எனக்குத் தருவான். ஒன்றும் கேட்காமல் தருவான். அதுதான் எனக்கு எரிந்தது! கேட்டு மறுத்திருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

இது ஒரு காரணமா என்று நீங்கள் கேட்கலாம். நாற்பத்தைந்து வயதில், மீசை நரைத்தவனுக்கு... நானும்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்த அட்டைகளைச் சேர்ப்பவர்களுக்கென்று இணையத்தில் குழுக்கள் இருக்கின்றன. வேலையில்லாத மதியங்களில் அவற்றையே மேய்ந்துகொண்டிருப்பேன். எந்த அட்டை என்ன விலைக்குப் போனது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அன்வரின் மகள் ஷபானா நல்ல மதிப்பெண்ணோடு பிளஸ் டூ முடித்தாள். நர்சிங் படிக்க ஆசை. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

"நெஜமாவே கெடச்சிடுச்சா மாமா?" என்று கேட்டுவிட்டு, அந்தத் தாளை நின்ற இடத்திலேயே மூன்று முறை படித்தாள்.

பத்து நாளில் அறுபதாயிரம் கட்ட வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணி வரை இணையதளம் திறந்திருக்கும். அன்வரிடம் முப்பத்தைந்து இருந்தது. அவன் வட்டிக்கு வாங்க மாட்டான். மார்க்கத்தில் கூடாது என்று அவன் அத்தா இருந்தவரை வாங்கியதில்லை, இவனும் வாங்குவதில்லை. நகையை அடகு வைத்தாலும் அதே வட்டிதானே என்பான். மனைவியின் தோடும் வளையலும் ஏற்கெனவே அவன் தாயாரின் ஆபரேஷனுக்கு விற்றுப் போயிருந்தன.

மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான்.

"இதுக்கெல்லாம் இப்போ நல்ல வெல கீதுன்னு நீதான சொல்லிக்கினு இருப்ப? வித்துக் குட்றா மணி. குறையறத கட்டிடலாம்."

நான் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் வாங்கியிருக்க மாட்டான் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பொய். கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு வாங்கியிருப்பான். மகளுக்காக வாங்கியிருப்பான்.

டப்பாவைத் திறந்தேன். ஐம்பதும் இருந்தன. முப்பத்தேழாம் எண்ணை மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். ஓரம் மடங்கவில்லை, பச்சை மங்கவில்லை. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டேன். சிரிக்காதீர்கள்... துடைத்துக்கொண்டேன்!

முழு செட் நாற்பதாயிரத்துக்குப் போகும். எனக்குத் தெரியும். டப்பாவோடு சேர்த்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். விலை என்ற இடத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று தட்டினேன். குறைக்கப்பட மாட்டாது என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன். அன்வரிடம் இருந்தது பட்டன் போன். அவன் எங்கே போய்ப் பார்க்கப் போகிறான்?

என் திட்டம் இதுதான். யாரும் வாங்க மாட்டார்கள். அன்வர் ஓய்ந்து போவான். கடைசி நாள் இருபத்தைந்தாயிரத்தோடு நான் போய் நிற்பேன். அட்டை எனக்கு, அதுவும் பாதிக்குக் கொஞ்சம் மேல் விலையில். படிப்பு அவளுக்கு. ஆபத்துக்கு உதவியவன் என்ற பெயரும் எனக்கு. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். எத்தனை நேர்த்தியான அயோக்கியத்தனம் பாருங்கள்!

மூன்றாம் நாள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் படத்துக்குக் கீழே எழுதினார். நாற்பதாயிரம் தருகிறேன், இன்றே அனுப்புகிறேன் என்று. முடியாது என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

அன்வர் தினமும் மாலை அசர் தொழுகை முடிந்ததும் வருவான்.

"யார்னா கேட்டாங்களா?"

"கேக்கறானுங்க. அஞ்சாயிரம், ஆறாயிரம்னு கேக்கறானுங்க. அதுக்கு எப்படிக் குடுக்கறது?"

"அவ்ளோதான் போவுமா?"

"இரு, பாக்கலாம்."

தலையை ஆட்டிவிட்டுப் போவான். ஒருநாள்கூட என் போனை வாங்கிப் பார்க்கவில்லை. ஒருநாள் பார்த்திருந்தால்... இல்லை, பழியை அவன்மேல் போடவா இதை எழுதுகிறேன்?

கடைசி நாள் மூன்று மணிக்கு இருபத்தைந்தாயிரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்.

"முடிஞ்சி போச்சிடா. நேத்தே பொண்ணாண்ட சொல்லிட்டேன். ஒரகடத்துல கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்களாம், போறேன்னுது."

"அழுதுச்சா?"

"அழுதிருந்தா தேவலாம்."

பருப்பைப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அந்த அட்டைய நீயே வெச்சிக்க. அஞ்சாயிரத்துக்கு எவனுக்கோ குடுக்கறதுக்கு உனக்குக் குடுக்கலாம். சின்ன வயசுலேர்ந்தே உனக்கு அது மேல ஒரு கண்ணு, எனக்குத் தெரியாதா?"

மணி மூன்றேகால். இணையதளம் இன்னும் திறந்திருந்தது. அவனுடைய முப்பத்தைந்து வீட்டில் இருந்தது. குறைந்த இருபத்தைந்து என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. என் கடையில் பத்து நிமிட வேலை. இத்தனையும் எனக்குத் தெரியும். என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஏன் கொடுக்கவில்லை? எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பயம் என்றும் அதிர்ச்சி என்றும் பெயர் வைத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. சும்மா கிடைத்துவிட்ட பொருளுக்கு எதற்குக் காசு என்று மனசு சொன்னது. அவ்வளவுதான்... அவ்வளவேதான்!

"சரிடா" என்றேன். டீ வரவழைத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

ஷபானா கம்பெனி வேனில் போய் வருகிறாள். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. அடுத்த வருடம் விண்ணப்பம் வந்தபோது, மறுபடி போட்டுப் பார்க்கலாமே என்று அன்வரிடம் சொன்னேன். செலவை நானே ஏற்கிறேன் என்றுகூடச் சொன்னேன். பெரிய மனசு!

"அது சம்பளம் வந்தாதான் கடைக்கே சரக்கு போட முடியுது. அத்த நிறுத்திட்டு படின்னு எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது?" என்றான்.

அந்த இருபத்தைந்தாயிரத்துக்கு உரிய நாள் ஒன்றே ஒன்றுதான். இப்போது பத்து மடங்கு கொடுத்தாலும் அந்த நாளை வாங்க முடியாது.

அட்டைகள் என் பீரோவில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கவே மனம் வரவில்லை என்று எழுதினால் என்மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வரும். ஆனால் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் பார்க்கிறேன். முப்பத்தேழாம் எண்ணைக் கையில் எடுக்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. என்னைப் பயமுறுத்துவது அந்தச் சந்தோஷம்தான்.

போன மாதம் ஷபானா கடைக்கு வந்தாள். பி.எஃப். விஷயமாக பாஸ்புக்கை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். வேறு யாரும் இல்லை. நான் தாளை மிஷினில் வைக்கும்போது, அவள் தன் போனை என் முன் திருப்பி வைத்தாள். என் பதிவு. அழிக்க மறந்திருக்கிறேன்! விற்பனைக் குழுக்களில் இவள் வந்து பார்ப்பாள் என்று நான் யோசித்ததே இல்லை.

"இது எங்க அத்தாவோட டப்பாதான? சும்மா தேடிப் பாத்தேன், வந்துச்சி."

நான் மிஷினின் மூடியைப் பிடித்துக்கொண்டு போன் திரையைப் பார்த்தேன்.

"கோயம்புத்தூர்காரரு நாப்பதாயிரம்னு போட்டுக்கீறாரு. தேதி பாருங்க. பணம் கட்ட இன்னும் ஏழு நாள் இருந்துச்சி." குரலை உயர்த்தவில்லை. ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருக்கிறது என்று காட்டுகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

"ஷபானா... நான்..."

"அத்தாவாண்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்." போனை எடுத்துக்கொண்டாள். "அவருக்குன்னு இந்த ஊர்ல கீற ஒரே ஆளு நீங்கதான். அதையும் எடுத்துட்டா அவருக்கு இன்னா கீது?"

மன்னிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒரு கணம் அப்படி நினைத்து அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தேன். அங்கே எனக்கென்று ஒன்றும் இல்லை. பாஸ்புக்கையும் நகலையும் பையில் வைத்துக்கொண்டு வேனைப் பிடிக்கப் போனாள்.

அதன் பிறகும் வருகிறாள். தனியாக வந்தால், இதில் இரண்டு காப்பி என்பதோடு சரி, என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அன்வர் கூட வரும்போது மட்டும் வாய் நிறைய மாமா என்கிறாள். அவன் சிரிக்கிறான். நானும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சொல்லும்மா என்கிறேன்.