இருபத்திரண்டு சுற்று

யுத்தம் வருவதற்கு முன்னால், என் தாய்மாமா கம்பியில்லாத் தந்திப் பெட்டி ஒன்றைச் செய்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. கோயம்புத்தூரில் காலேஜ் படிப்பை முடித்துவிட்டு, புளியஞ்சோலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். சர்க்கார் லைசென்ஸும் கையில் இருந்தது. பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு பலகை, அதன்மேல் பல்பு மாதிரி ஒரு கண்ணாடி வால்வு, மூங்கில் குழாயில் சுற்றிய செம்புக்கம்பி, பேட்டரிக் கட்டு. அதில் ஓடிய மின்சாரம் ஒரு டார்ச் பல்பை எரிக்கத்தான் காணும். அதை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் சிநேகிதரோடு பேசப்போவதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து தந்திச் சாவியைத் தட்டுவார். பதில் வந்ததே இல்லை. மேற்கே கொல்லிமலை மறித்துக்கொண்டு நின்றது. மூன்று மாதம் பொறுத்த அப்பா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டார்.

“இந்த ஞாயித்துக்கெழமையோட சரிங்க மாப்ளே. அதுக்கப்புறம் நாமக்கல்லு ஆபீசு வேலைக்குப் போயிருங்க.”

மலை மறித்தால் மலைமேலேயே ஏறிவிடுவது என்று மாமா முடிவு செய்தார். மலைமேல் குண்டூர் நாட்டில் அப்பாவுக்குத் தெரிந்த மிளகு விவசாயி ஒருவர் இருந்தார். சனிக்கிழமை விடிந்ததும் காட்டுப்பாதையில் நடந்தோம். புள்ளியும் கோடும் பிரித்துக் கேட்பதில் என் காது மாமாவின் காதைவிடக் கூர்மை. அதனால் என்னையும் கூட்டிக்கொண்டார். ஒன்பது வயதுப் பெண்ணைத் தம்பியை நம்பி அனுப்ப முடியாது என்று அம்மாவும் கிளம்பிவிட்டாள். வால்வைப் பஞ்சில் பொதிந்து தூக்குப்போசியில் வைத்து நான்தான் சுமந்தேன்.

வால்வு பத்திரமாக இருந்தது. வழுக்கி விழுந்தது மாமா. ஓடையைத் தாண்டும்போது பை பாறையில் மோதி மூங்கில் குழாய் பிளந்து, கம்பி சிக்கலாகிவிட்டது. விவசாயியின் வீடு சேர்ந்ததும் அந்தக் கம்பியை மடியில் போட்டுக்கொண்டு மாமா தலை குனிந்து உட்கார்ந்தார்.

“எத்தனை சுத்துன்னு எழுதி வெக்கலையே அக்கா.”

“இருவத்திரண்டு. கடைசி நாலு மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்துச்சு,” என்றாள் அம்மா.

வீட்டில் அதைச் சுற்றிக் கொடுத்தவளே அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. விவசாயி அதே பருமனில் மூங்கில் வெட்டிக் கொடுத்தார். அம்மா சிக்கெடுத்து, கம்பியை நீவி, ஒன்றையொன்று ஒட்டாமல் சுற்றி முடித்தாள்.

மறுநாள் இரண்டு பலாமரங்களுக்கு நடுவே ஏரியல் கம்பி கட்டினோம். மாமா தட்டினார். காதுக்கருவி என் தலையில். பத்தரை இருக்கும், இரைச்சலுக்குள்ளே பூச்சி கத்துவதுபோல மெல்லிசாக ஒரு கூவல். சிலேட்டில் நான் புள்ளியும் கோடுமாகப் போட்டேன். மாமா எட்டிப் பார்த்தார். எங்கள் பெட்டியைக் கூப்பிடும் அடையாள எழுத்துகள்.

“அவன்தான் அக்கா,” என்றார்.

“அவிய ஊரு எத்தனை நாள் நடைங்க?” என்று விவசாயி கேட்டார்.

“நாலஞ்சு நாளு ஆகுமுங்க.”

“அங்க மழை உண்டான்னு கேளுங்க சாமி.”

மாமா சாவிக்குக் கை நீட்டினார். “நான் தட்டட்டுமா தம்பி?” என்றாள் அம்மா. மாமா சிலேட்டில் குறி போட்டுக் கொடுக்க, அவள் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகத் தட்டினாள். மழை இல்லை என்று பதில் வந்தது. கூடவே ஒரு கேள்வியும்: கை மாறியிருக்கிறதே, இவ்வளவு சுத்தமாகத் தட்டுவது யார்? மாமா அதைப் படித்துச் சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விவசாயியின் வீட்டார் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார்கள்.

சாயங்காலம் கூச்சலும் கும்மாளமுமாக இறங்கினோம். கொல்லையிலேயே அப்பாவை மறித்து மாமா எல்லாவற்றையும் சொன்னார். சாட்சிக்கு நான் சிலேட்டை நீட்டினேன். அப்பா சிலேட்டைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த மாசமும் போறியா?” என்று அவளைக் கேட்டார்.

பெட்டி மாமாவுடையது. மாமாவிடம் கேட்க வேண்டியதை அப்பா தவறி அம்மாவிடம் கேட்டுவிட்டார் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.